கொஞ்ச காலம் நம் வீட்டில்: வளர்ப்புப் பராமரிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் விடாமல், வேறொரு குடும்பத்தில் சில மாதமோ சில வருடமோ வைத்து வளர்ப்பதுதான் ‘வளர்ப்புப் பராமரிப்பு’. அதைப் பற்றிப் போன இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். கடிதமும் வாட்ஸ்அப் குரல் பதிவுமாகக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிப் பேர் தத்தெடுப்பு என்று நினைத்துக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் சிலர், தங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடும் வேலையிலேயே இருப்பவர்கள். இரு தரப்புக்கும் துறையில் இருப்பவர்களின் பதில்கள் இங்கே.

கல்யாணமாகி 11 வருடம். தத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதற்குள் வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு கைக்குழந்தையை வாங்கிக்கொண்டால் பிறகு அதையே தத்தெடுத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?
– வாசகி, மன்னார்குடி

அப்படிச் சொன்னவர் உங்களை ஆசை காட்டி அலையவிடுகிறார். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 44-ஆம் பிரிவு, தத்துக்கு உரிய குழந்தையை நீண்ட காலப் பராமரிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. கைக்குழந்தைகளுக்கு முதல் வழி தத்துதான். பராமரிப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 6 வயது தாண்டிய பிள்ளைகள். அப்பா சிறையில் இருப்பார், அம்மா மனநலச் சிகிச்சையில் இருப்பார். அல்லது வீட்டில் குடியும் அடியும். தத்துக்குக் கொடுக்கலாம் என்று சட்டப்படி விடுவிக்கப்பட்டும் வயது கூடிவிட்டதாலோ உடல் குறைபாட்டாலோ யாரும் எடுக்காத பிள்ளைகளும் உண்டு. முதல் வகைப் பிள்ளைக்கு ஒரு வீடு ஏற்கனவே இருக்கிறது. அந்த வீடு நிமிரும் வரைதான் உங்கள் வீடு.

உங்களிடம் 2 ஆண்டு வளர்ந்த பிள்ளை சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டிருந்தால் நீங்களே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். முன்பு இது 5 ஆண்டாக இருந்தது. ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே வராதீர்கள். ஒவ்வொரு முறை அந்தப் பிள்ளையின் அம்மா பார்க்க வரும்போதும் உங்களுக்கு வயிறு எரியும். பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ‘ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை ஒன்று இருக்கிறது, பேப்பர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முறையின்றிக் குழந்தையைக் கொடுப்பதும் பெறுவதும் 80-ஆம் பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் 81-ஆம் பிரிவு: 5 ஆண்டு வரை கடுங்காவல்.

எனக்கு 41 வயது. தனியாக இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. நான் விண்ணப்பிக்க முடியுமா? எங்கே போக வேண்டும்?
– வாசகி, பொள்ளாச்சி

முடியும். மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிகளின்படி மணமாகாதவர், கணவரை இழந்தவர், மணமுறிவு ஆனவர் எல்லோரும் விண்ணப்பிக்கலாம். 35 முதல் 60 வயது வரை. தனிப் பெண், ஆண் பிள்ளையையோ பெண் பிள்ளையையோ வளர்க்கலாம். தனி ஆணுக்கு ஆண் பிள்ளை மட்டும். தம்பதியானால் குறைந்தது 2 ஆண்டு நிலையான மணவாழ்வு வேண்டும். இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

போக வேண்டிய இடம் உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அங்கே நிறுவனம் சாராப் பராமரிப்புக்கென்று (இல்லத்தில் வைக்காமல் குடும்பத்தில் வளர்க்கும் ஏற்பாடு) ஒரு பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவரைக் கேளுங்கள். தத்துக்குப் பதியும் ‘காரா’ இணையதளத்திலும் இதற்குத் தனியாகப் பதியலாம். ஆதார், முகவரி, வருமானச் சான்று, வீட்டில் உள்ள எல்லோருக்கும் மருத்துவச் சான்று (காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி சோதனைகளோடு), காவல் துறைச் சரிபார்ப்பு, உங்களை நன்கு அறிந்த இரண்டு பேரின் பரிந்துரை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். பலர் அன்றைக்கு வீட்டைக் கழுவி, பஜ்ஜி போட்டு வைத்துக் காத்திருப்பார்கள். வருகிறவர் பார்ப்பது தரையை அல்ல. பிள்ளை எங்கே படுக்கும், கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, நீங்கள் பள்ளி முடிந்து 5 மணிக்கு வரும் வரை பிள்ளை யாரிடம் இருக்கும், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் சோறு பொங்குவார் என்பதைத்தான். தனியாக இருப்பவர்களின் விண்ணப்பம் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் சிக்கும். பக்கத்து வீட்டுக்காரரையோ தங்கையையோ அன்றைக்கே அறிமுகப்படுத்திவிடுங்கள்.

வீட்டு ஆய்வு அறிக்கைக்குப் பிறகு ஒப்புதல், பொருத்தமான பிள்ளையைத் தேடுதல், இருவரும் சந்தித்துப் பழகுதல், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டல். எல்லாம் முடிந்து கடைசி ஆணை போடுவது, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழுவான குழந்தைகள் நலக் குழு. அந்த ஆணை கைக்கு வராமல் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள், யார் சொன்னாலும். ஆணையில் காலம் இருக்கும்: குறுகிய காலம் என்றால் 1 ஆண்டுக்கு மேல் போகாது, நீண்ட காலம் என்றால் அவ்வப்போது பரிசீலித்து 18 வயது வரை நீட்டலாம்.

எங்கள் ஒன்றியத்தில் வளர்ப்புக் குடும்பங்களைத் திரட்ட மகளிர் குழுக் கூட்டமைப்பு மூலம் கூட்டம் போட்டோம். மண்டபம் நிறைந்தது. எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. எங்கே தவறு?
– கூட்டமைப்புப் பொறுப்பாளர்

கண்ணீரில்தான். அழும் குழந்தையின் படம், ‘ஆதரவற்ற பிஞ்சுகளுக்கு அன்பு காட்டுவோம்’ என்ற தட்டி, பின்னணியில் சோகப் பாட்டு. இவையெல்லாம் கருணையைத் தூண்டும். கருணை வந்தவர் 500 ரூபாய் கொடுப்பார், பிறந்த நாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுவார். தன் வீட்டில் ஒரு பாயை விரிக்க மாட்டார். நீங்கள் தேடுவது இளகிய மனசுக்காரரை அல்ல. சலிக்காமல் காரியம் பார்க்கிறவரை.

அடுத்து, சொல். ‘வளர்ப்புப் பெற்றோர் தேவை’ என்று நோட்டீஸ் அடித்திருப்பீர்கள். அரசுச் சொல் அதுதான், ஆனால் ஊரில் வளர்ப்புப் பிள்ளை என்றால் தத்துப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தையால் குழந்தையில்லாத தம்பதிகள் எல்லாம் வருவார்கள், பிள்ளை வளர்த்துக் கை தேர்ந்தவர்கள் ‘எங்களுக்குத்தான் இரண்டு இருக்கே’ என்று ஒதுங்குவார்கள். இரண்டுமே உங்களுக்கு நட்டம். ‘பெற்றவர்கள் தலைநிமிரும் வரை ஒரு பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?’ என்று முழு வாக்கியமாகக் கேளுங்கள். அக்கா மகனைத் தன் வீட்டில் வைத்துப் பத்தாவது படிக்க வைத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இது புது வேலை இல்லை. அரசாங்கத்துக் கையெழுத்து மட்டும்தான் புதிது.

ஆளைத் தேடும் முன் யாருக்காகத் தேடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்பு அலகில் போய், பெயர் கேட்காமல், கணக்கு மட்டும் கேளுங்கள்: நம் ஒன்றியத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இல்லங்களில் இருக்கிறார்கள், என்ன வயது, எத்தனை பேர் அண்ணன் தங்கையாக இருக்கிறார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள். பெரும்பாலும் 10 வயதுக்கு மேற்பட்டவர்களும் கூடப்பிறந்தவர்களும்தான் இடம் கிடைக்காமல் நிற்பார்கள். உடன்பிறந்தவர்களை ஒரே வீட்டில் வைக்க முயல வேண்டும் என்பது சட்டம். ஆக உங்களுக்கு வேண்டியது இரண்டு பிள்ளைகளுக்கு இடமுள்ள வீடு, பழைய பள்ளிக்கு நடந்தோ பஸ்ஸிலோ போகக்கூடிய தூரத்தில். மாவட்டம் முழுக்க விளம்பரம் செய்வதைவிட அந்தப் பள்ளியைச் சுற்றி 5 கிலோமீட்டரில் 10 வீட்டுக் கதவைத் தட்டுவது பலன் தரும்.

எந்த வீடு? பிள்ளைகள் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விட்ட 45, 50 வயதுக்காரர்கள். ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், கிராம செவிலியர். தெருப் பிள்ளைகள் எல்லாம் டி.வி. பார்க்க எந்த வீட்டுத் திண்ணையில் கூடுகிறதோ அந்த வீடு. இந்தப் பட்டியல் அதிகாரியிடம் இருக்காது. சத்துணவுக் கூடத்திலும் பால் சொசைட்டியிலும்தான் கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவும் இதற்குச் சரியான இடங்கள். ஆண்டுக்கு 6 கிராம சபை நடக்கிறது. அதில் 5 நிமிடம் கேட்டு வாங்குங்கள், ஆனால் அங்கே ஆள் சேராது. ஊருக்கு விஷயம் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொரு ஓட்டை, விசாரித்தவரை விட்டுவிடுவது. கூட்டம் முடிந்து தயங்கித் தயங்கி ஒரு அம்மா வந்து ‘இது எப்படிங்க?’ என்று கேட்டிருப்பார். யாரோ போன் நம்பர் எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் இன்னும் உங்கள் பையிலேயே இருக்கும். 2 நாளைக்குள் திரும்பக் கூப்பிட வேண்டும். 10 நாளைக்குள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். போகும்போது கணவரும் மாமியாரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பெண்களிடம் மட்டும் பேசிவிட்டு வந்த வீடுகள் பெரும்பாலும் காவல் துறைச் சரிபார்ப்பு நாளன்று ‘அவருக்கு இஷ்டமில்லை’ என்று முடியும்.

பணத்தை மறைக்காதீர்கள், முன்னிறுத்தவும் செய்யாதீர்கள். மாதம் 4,000 ரூபாய் உண்டு, அது பிள்ளையின் செலவுக்கு, சம்பளம் இல்லை என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ஏற்கனவே வளர்க்கும் ஒருவரைப் பேசச் சொன்னால் பத்து அதிகாரிகள் பேசுவதற்குச் சமம். ஆனால் மேடையில் பிள்ளையை நிறுத்தக் கூடாது, படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. இப்படிப்பட்ட பிள்ளையின் பெயர், பள்ளி, படம் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி தடை. 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு.

வீடு வீடாகப் போகும்போது ‘என்ன சாதிப் பிள்ளை?’, ‘சொத்தில் பங்கு கேட்குமா?’, ‘வயசுப் பையன் இருக்கும் வீட்டில் பெண் பிள்ளையா?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– தன்னார்வலர், உசிலம்பட்டி

மூன்றும் ஒரே தட்டில் வைக்க வேண்டிய கேள்விகள் அல்ல.

சொத்துக் கேள்விக்கு நேரான பதில்: வளர்ப்புப் பராமரிப்பால் சட்டப்படி பெற்றோர்–பிள்ளை உறவு உண்டாவதில்லை, வாரிசுரிமையும் இல்லை. சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

வயசுப் பையன் பற்றிய கேள்வி நியாயமானது. அதைக் கேட்கிற தாய் யோசிக்கிறவர், நல்ல வளர்ப்பாளர் ஆவார். படுக்கையறை தனியா, உடை மாற்ற இடம் உண்டா, இருவரும் பெரியவர் துணையின்றி எத்தனை மணி நேரம் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் பாருங்கள். சரிப்படாவிட்டால் அந்த வீட்டுக்கு ஆண் பிள்ளைதான் பொருத்தம்.

சாதிக் கேள்விக்கு மழுப்பாதீர்கள். ‘அதைப் பார்த்து நாங்கள் பிள்ளை தருவதில்லை’ என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் வற்புறுத்திக் கேட்கிற வீடு, தட்டைத் தனியாக வைக்கிற வீடாக இருக்கக்கூடும். பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆள் குறைவு என்று வருந்த வேண்டாம்.

பிள்ளை வந்து 5 மாதம் ஆகிறது. பணம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. கேட்டால் ‘போட்டாச்சு’ என்கிறார்கள்.
– ஊர் பெயர் வேண்டாம் என்ற வாசகி

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வரும் தொகை இது. மாவட்ட அளவிலான ஒப்புதல் குழு கூடிப் பெயரை ஏற்ற பிறகுதான் நிதி நகரும். முதலில் உங்கள் பிள்ளையின் பெயர் எந்தத் தேதிக் கூட்டத்தில் ஒப்புதல் ஆனது என்று எழுத்தில் கேளுங்கள். தேதி சொல்ல முடியாவிட்டால் கோப்பு இன்னும் மேசையில்தான் இருக்கிறது என்று பொருள்.

தேதி இருந்தும் பணம் வரவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் வங்கியில். நம் ஊருக்கே உரிய தொல்லை இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ‘மு’, பாஸ்புக்கில் முன்னால் ‘எம்.’, பள்ளிப் பதிவில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் மூன்று ஆள் என்று கணினி நினைத்துக்கொள்ளும். ஆதார் எண்ணைக் கணக்கில் சேர்த்திருப்பது வேறு, நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு இணைத்திருப்பது வேறு. இரண்டாவது ஆகியிருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். இல்லத்தில் இருந்தபோது திறந்த பழைய கணக்கு ஒன்று தூங்கிக்கொண்டிருந்து, பணம் அங்கே போய்ச் சேர்வதும் உண்டு. பாஸ்புக்கை அச்சிட்டு, ஒப்புதல் தேதியோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நலக் குழு மாதாந்திரப் பார்வைக்கு வரும்போது அந்த நகலைக் காட்டுங்கள். வாய்ப்பேச்சு எங்கும் பதிவாகாது.

வளர்ப்பாளர்களைத் திரட்டுபவர்களுக்கும் இதில் சொல்ல இருக்கிறது. முதல் மாதச் செலவுதான் அதிகம்: பாய், தலையணை, சீருடை, செருப்பு, பை, பல்லுக்கோ கண்ணுக்கோ ஒரு வைத்தியம். பணம் எப்படியும் தாமதமாகும் என்று தெரிந்தே இருக்கிறோம். ஊரில் ஒரு சிறு கைமாற்று நிதியோ, புதிதாகவே ஒரு சாமான் பெட்டியோ தயாராக வைத்திருங்கள்.

9 வயதுப் பையன் வந்து 3 வாரம். சோற்றைத் திருடித் தலையணை அடியில் வைக்கிறான். படுக்கையை நனைக்கிறான். கேட்டால் பொய். எங்கள் வளர்ப்பில் குறையா?
– வாசகி, ஆண்டிப்பட்டி

குறை இல்லை. அவன் கணக்குப் போடுகிறான். அடுத்த வேளை சோறு வரும் என்பதற்கு அவன் இதுவரை பார்த்த உலகத்தில் உத்தரவாதம் இல்லை. தலையணை அடியில் காய்ந்த இட்லி கிடைத்தால் அவனுக்கு எதிரில் எடுத்துக் காட்டாதீர்கள். மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டப்பாவை அவனிடம் கொடுங்கள். பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், ஒரு பாக்கெட் பிஸ்கட். ‘இது உன்னுது. ராத்திரி பசிச்சா எடுத்துக்கோ, யாரையும் கேட்க வேண்டாம்.’ தீர்ந்ததும் அவன் கேட்கும் முன்னே நிரப்புங்கள். முதல் வாரம் ஒரே நாளில் காலியாகும், வயிறும் வலிக்கும். பிறகு 2 நாள், 4 நாள் என்று நிற்கும். ஒருநாள் டப்பாவில் எறும்பு மொய்க்கும். அப்போது கணக்கு முடிந்தது என்று அர்த்தம்.

படுக்கைக்கு: பாய்க்கு மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய வேட்டி. இரவு 7:30-க்கு மேல் டீயும் நிறையத் தண்ணீரும் வேண்டாம். நீங்கள் படுக்கப் போகும்போது ஒருமுறை எழுப்பிவிடுங்கள். காலையில் துணியை அவனே வாளியில் போட்டுவிடலாம், ஆனால் முற்றத்தில் எல்லோர் எதிரிலும் அலச வைப்பது தண்டனை. கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள்; பாதிப் பிள்ளைகள் இருட்டுக்குப் பயந்தே எழுந்திருப்பதில்லை. எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி தாகம் இருந்தால் சிறுநீர்ச் சோதனை செய்துவிடுங்கள்.

பொய்க்கு: விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். ‘இட்லியை யார் எடுத்தது?’ என்பது பொய் சொல்ல வாசலைத் திறந்துவிடுவது. ‘இட்லி எடுத்துட்டுப் போயிருக்கே, இனிமே டப்பாவிலேர்ந்து எடுத்துக்கோ’ என்றால் பேச்சு அங்கேயே முடியும்.

செய்யக் கூடாதவை சில. பேன் இருக்கிறது என்று வந்த அன்றே தலையை மொட்டை போடாதீர்கள். பேன் சீப்பும் மருந்தும் 2 வாரத்தில் தீர்க்கும். பெயரை மாற்றிக் கூப்பிடாதீர்கள். அவன் வீட்டுச் சாமியோ வேதமோ எதுவோ, அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள். ‘அம்மா’ என்று கூப்பிடச் சொல்லாதீர்கள். அத்தை, பெரியம்மா எதுவும் நல்ல சொல்தான்.

பெண் பிள்ளையின் அப்பா குடித்துவிட்டு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். விடாமல் இருக்கலாமா?
– வாசகர், ஆரணி

பெற்றவர் பார்க்க வருவது சட்டம் தரும் உரிமை. பிள்ளைக்கு நல்லதல்ல என்று நலக் குழு கருதினால் நிறுத்தலாம். நிறுத்துகிற அதிகாரம் உங்களுக்கு இல்லை. வந்த தேதி, நேரம், நிலை, சொன்ன சொல், யார் பார்த்தார்கள் என்று அன்றிரவே ஒரு நோட்டில் எழுதுங்கள். மறுநாளே பாதுகாப்பு அலகுக்குச் சொல்லி, சந்திப்பை உங்கள் வீட்டிலிருந்து அலகின் அலுவலகத்துக்கு மாற்றக் கேளுங்கள்: குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், பணியாளர் முன்னிலையில். மிரட்டல் என்றால் 112. பிள்ளை தொடர்பான அவசரத்துக்கு 1098, இரவு பகல் எந்நேரமும்.

சந்திப்புக்குப் பிறகு 2, 3 நாள் பிள்ளை முரண்டு பிடிக்கும், சாப்பிடாது, உங்களிடமே எரிந்து விழும். அதைக் காரணம் காட்டிச் சந்திப்பை வெட்டச் சொல்லும் வளர்ப்பாளர்கள் அதிகம். அப்பாவைப் பார்த்ததால் அல்ல, அப்பா திரும்பிப் போனதால் வரும் அழுகை அது. அந்த நாட்களில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இருங்கள்.

என் தங்கை இறந்துவிட்டாள். அவள் பிள்ளைகள் இருவரும் என்னிடம். எனக்கு இந்த 4,000 கிடைக்குமா?
– வாசகி, திருக்கோவிலூர்

நீங்கள் உறவு என்பதால் கதவு வேறு. ‘நிதி ஆதரவு’ என்று கேளுங்கள், சிறார் நீதிச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. அதுவும் மாதம் 4,000 ரூபாய்தான், ஆனால் குடும்ப ஆண்டு வருமானத்துக்கு வரம்பு உண்டு: கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000. இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் ‘அன்புக்கரங்கள்’ மாதம் 2,000 ரூபாய் தருகிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று இறப்புச் சான்றும் பிள்ளைகளின் ஆதாரும் எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அலகிலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய பள்ளியில் டி.சி. தர மறுக்கிறார்கள். ஆபரேஷன் என்றால் யார் கையெழுத்துப் போடுவது?
– வாசகர், சங்கரன்கோவில்

8-ஆம் வகுப்பு வரை, டி.சி. வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படி. நடைமுறையில் நின்றுபோவது ‘எமிஸ்’ எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்கு உள்ள எண். பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டி.சி.க்காகச் சண்டை போடாமல் ‘எமிஸில் விடுவித்துவிடுங்கள்’ என்று கேளுங்கள். நலக் குழு ஆணையின் நகல் கையில் இருக்கட்டும். அதை வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் காட்டினால் போதும், வகுப்பே அறிய வேண்டியதில்லை.

காய்ச்சலுக்கும் பல்லுக்கும் நீங்களே அழைத்துப் போகலாம். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு முன்கூட்டியே பாதுகாப்பு அலகுக்குச் சொல்லி நலக் குழுவின் அனுமதி பெறுங்கள். உயிர் அவசரம் என்றால் முதலில் வைத்தியம், ஆம்புலன்சில் இருந்தபடியே தகவல். மாவட்டத்துக்கு வெளியே திருவிழாவுக்குப் போவதானாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கஷ்டப்பட்டுச் சேர்த்த குடும்பங்கள் ஒரு வருடத்தில் விலகிவிடுகின்றன. எப்படித் தக்கவைப்பது?
– சமூகப் பணியாளர்

விலகியவர்களிடம் காரணம் கேட்டால் ‘உடம்பு சரியில்லை’ என்பார்கள். தோண்டிப் பார்த்தால் ஓர் இரவு இருக்கும்: பிள்ளை வீட்டை விட்டு ஓடிப்போன இரவு, அல்லது மூர்க்கமாகக் கத்திய இரவு, இவர்கள் போன் செய்து யாரும் எடுக்கவில்லை. மாதாந்திரப் பார்வை கண்காணிப்பு. அது துணை ஆகாது. இரவு 9 மணிக்கு எடுக்கும் ஒரு போன் எண் வேண்டும். ஒரே ஆள் சுமக்க முடியாது, மூன்று பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓய்வு. வளர்ப்பாளர் வீட்டிலும் கல்யாணம் காட்சி, சாவு, பிரசவம் உண்டு. 2 நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஏற்கனவே சரிபார்க்கப்பட்ட இன்னொரு குடும்பத்தை ஒவ்வொருவருக்கும் இணை சேர்த்து வையுங்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் முன்பே பழகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘என்னைத் திரும்ப அனுப்பிட்டாங்க’ என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

மாதம் ஒரு சனிக்கிழமை வளர்ப்பாளர்கள் மட்டும் கூடட்டும். அதிகாரி முதல் அரை மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும். அவர் இருக்கும் வரை எல்லாம் நன்றாகவே இருக்கும்! பிள்ளைகளுக்குத் தனி இடம், விளையாட்டு. அந்த வீட்டுச் சொந்தப் பிள்ளைகளையும் அழையுங்கள். அம்மாவின் மடியைப் பங்கு போட்டவர்கள் அவர்கள்தான்; அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

புகார் எழுந்தால் என்ன நடக்கும் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். ‘அடித்தார்’ என்று பிள்ளை சொன்னால் விசாரணை வரும், தேவைப்பட்டால் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். முன்பே தெரிந்தவர் விசாரணையைத் தாங்குவார். தெரியாதவருக்கு அது அவமானம். ஆரணி வாசகருக்குச் சொன்ன அந்த நோட்டு இங்கேயும் கைகொடுக்கும்: விழுந்தது, அடிபட்டது, மருந்து போட்டது எல்லாம் தேதியோடு.

அடுத்த மாதம் பிள்ளை அம்மாவிடம் திரும்புகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– தம்பதியர், அரக்கோணம்

ஒரே நாளில் அனுப்பச் சம்மதிக்காதீர்கள். முதலில் அம்மா வந்து பார்த்தல், பிறகு அங்கே ஒரு பகல், ஓர் இரவு, ஒரு வார இறுதி என்று நலக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பாடத்தில் பின்தங்கல் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் நேரில் கொடுங்கள். அறிவுரை தொனி வேண்டாம், அவருக்கு ஏற்கனவே கூச்சமாக இருக்கும்.

துணிமணியைக் கட்டைப் பையில் திணித்து அனுப்பாதீர்கள். ஜிப் உள்ள நல்ல பை ஒன்று வாங்குங்கள். மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை, பாஸ்புக், ஆதார், பள்ளி ஆண்டு விழாப் படம், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கொடுத்த டப்பா, தட்டு, போர்வை எல்லாம் அதில் போகட்டும். உங்கள் போன் எண்ணை நோட்டின் பின்னட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பேசுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அலகிலிருந்து அந்த வாரமே ‘இன்னொரு பிள்ளை இருக்கிறது’ என்று போன் வரலாம். 2 மாதம் கழித்துக் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்காக உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட மாட்டார்கள்.